கம்ப்யூட்டர் ஒன்று, இயங்குதளம் இரண்டு: வேண்டாததை நீக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

கம்ப்யூட்டரை ஆன் பண்ணுகிறீர்கள். கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வருகிறது. மேலே உபுண்டு, கீழே விண்டோஸ். சில விநாடிகளுக்குள் அம்புக்குறியைத் தட்டி விண்டோஸைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால், யாரும் கேட்காத இயங்குதளம் தானாகத் திறந்துகொள்ளும். மூன்று வருடத்துக்கு முன் ஏதோ ஒரு கோர்ஸுக்காகப் போட்ட லினக்ஸ் அது. கோர்ஸ் முடிந்தது, வேலை கிடைத்தது, ஹிஞ்ஜவடிக்குப் பக்கம் என்று பாணேரில் வீடும் பார்த்தாயிற்று. லினக்ஸ் மட்டும் 100 ஜிபி-யைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இது உங்கள் கதை என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஊரில் கல்லூரியில் படிக்கும் தம்பியோ தங்கையோ "அண்ணா, கவர்மென்ட் லேப்டாப்புல ரெண்டு ஓஎஸ் இருக்கு, ஒண்ண எடுத்துடலாமா?" என்று போனில் கேட்டிருந்தாலும் உங்களுக்குத்தான்.

எடுத்துவிடலாம். ஆனால் ஒழுங்காகச் செய்தால் அரை மணி நேர வேலை, தவறான வரிசையில் செய்தால் விண்டோஸும் திறக்காது, லினக்ஸும் திறக்காது, பத்து வருடப் புகைப்படங்களும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அதனால் என்ன செய்ய வேண்டும் என்பதோடு, ஏன் அந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரிசைதான் இதில் முக்கியம்.

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

2024 ஆகஸ்ட் 13 அன்று மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை வெளியிட்டது. பழைய, ஓட்டை உள்ள லினக்ஸ் பூட் லோடர்களைத் தடை செய்வது அதன் நோக்கங்களில் ஒன்று. இரண்டு இயங்குதளம் உள்ள கம்ப்யூட்டர்களுக்கு இந்தத் தடை போகாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். போனது. மறுநாள் காலையில் உலகம் முழுக்கப் பலருக்கு லினக்ஸ் திறக்கவில்லை. "சம்திங் ஹேஸ் கான் சீரியஸ்லி ராங்" என்று ஒரு வரி காட்டிவிட்டு கம்ப்யூட்டர் அணைந்துபோனது. இதற்கு மைக்ரோசாஃப்ட்டின் முழுமையான திருத்தம் வந்தது 2025 மே மாதத்தில். ஒன்பது மாதம்!

அடுத்து 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு அன்றோடு முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கு மேலும் ஒரு வருடம், 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்பு அப்டேட் மட்டும் பெற ஒரு வழியைக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் செட்டிங்குகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்தால் இலவசம், இல்லையென்றால் ரிவார்ட்ஸ் புள்ளிகள் அல்லது 30 டாலர். இதைப் பார்த்து லினக்ஸ் பக்கம் வந்தவர்களும் உண்டு, விண்டோஸ் 11-க்குப் போய் லினக்ஸை மூட்டை கட்டியவர்களும் உண்டு.

மூன்றாவது விஷயம் 2026 ஜூனில் தொடங்குகிறது. கம்ப்யூட்டர் திறக்கும்போது பூட் லோடர் நம்பகமானதா என்று சோதிக்கும் 'செக்யூர் பூட்' ஏற்பாட்டில், மைக்ரோசாஃப்ட்டின் 2011-ஆம் வருடச் சான்றிதழ்கள் காலாவதியாகத் தொடங்கும் மாதம் அது. பயப்பட வேண்டாம், அந்தத் தேதியில் உங்கள் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. ஆனால் இனி வரும் பூட் லோடர்கள் 2023-ஆம் வருடச் சான்றிதழில் கையெழுத்தாகி வரும் என்பதால், பழைய மதர்போர்டில் இரண்டு இயங்குதளத்தையும் ஒழுங்காக ஓட்ட விரும்புகிறவர்களுக்கு வேலை கூடும். வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் திறக்கும் லினக்ஸுக்காக இந்தத் தலைவலி தேவையா என்ற கேள்வி நியாயமானதுதான்.

இந்தியாவில் இப்படி எத்தனை பேர்?

நேரடிக் கணக்கு எதுவும் கிடையாது. ஸ்டாட்கவுன்ட்டர் தளத்தின் எண்களைத்தான் எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். 2024 பிப்ரவரியில் உலக டெஸ்க்டாப்களில் லினக்ஸின் பங்கு 4 சதவீதத்தைத் தாண்டியது என்று பெரிய செய்தியானது. அதே வருடம் இந்தியாவில் 15 சதவீதத்துக்கு மேல் என்றும் அந்தத் தளம் காட்டியது. இந்த எண்ணை நான் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்ப்பேன். அது கம்ப்யூட்டர்களை எண்ணுவதில்லை. குறிப்பிட்ட இணையதளங்களில் திறக்கப்படும் பக்கங்களை எண்ணுகிறது. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு இயங்குதளம் இருந்தால் அது இரண்டு பக்கமும் கணக்கில் வரும்.

எண் எவ்வளவாக இருந்தாலும், காரணங்கள் நம் ஊருக்கே உரியவை. விண்டோஸ் இல்லாமல் 'டாஸ் லேப்டாப்' என்று சில ஆயிரம் ரூபாய் குறைவாகக் கடையில் விற்றார்கள். அதை வாங்கி உபுண்டு போட்டு, பிறகு விண்டோஸும் போட்டவர்கள் ஏராளம். இன்ஜினீயரிங் கல்லூரி லேப்களில் லினக்ஸ் பாடமாகவே உண்டு. இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. அதன் ஒரு நுனி உங்கள் பாணேர் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது.

பாணேர் ரோட்டில் யுனிவர்சிட்டி சர்க்கிள் பக்கம் போனால் கணேஷ்கிண்ட். அங்கே புனே பல்கலைக்கழக வளாகத்தில்தான் சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் வளர்ந்தது. 1988-ல் தொடங்கி, 1991-ல் பரம் 8000 என்ற சூப்பர் கம்ப்யூட்டரைக் கொடுத்தது. பாணேருக்கு அடுத்த பாஷானிலும் அதற்கு வளாகம் உண்டு. அதே சி-டாக்கின் சென்னை மையம், டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியதுதான் 'பாஸ்' லினக்ஸ். பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது, எல்காட் வாங்கிய லேப்டாப்களில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. அடுத்த வருடங்களில் அந்தத் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் போயின. இரண்டு இயங்குதளம் என்பதை வேறு மாநில மாணவர்கள் யூடியூப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள் என்றால், பிளஸ் டூ முடித்த நம் பிள்ளைகளுக்கு அது டப்பாவைத் திறக்கும்போதே கைக்கு வந்தது. கேட்டு வாங்கியது அல்ல என்பதுதான் சிக்கல். கேட்காமல் வந்ததைப் பலரும் முதல் மாதமே கடையில் கொடுத்து "எடுத்துடுங்க" என்றார்கள். அந்த லேப்டாப் வாங்கிய யாரையாவது கேட்டுப் பாருங்கள், ஒரு ஃபார்மட் கதை இருக்கும்.

2013 நவம்பரில், விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ல் முடிவதைக் காரணம் காட்டி, அரசு அலுவலகங்களும் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தமிழ்நாடு அரசு சொன்னது. இன்று விண்டோஸ் 10-க்கு நடப்பதை அன்று எக்ஸ்பி-க்குப் பார்த்துவிட்டோம். 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவிக்கப்பட்ட புதிய திட்டத்திலும் விண்டோஸ் 11, பாஸ் லினக்ஸ் என இரண்டும் சேர்ந்த ஏற்பாடுதான். ஒரு முக்கியமான வித்தியாசம், இப்போது சேமிப்பு 256 ஜிபி எஸ்எஸ்டி. வேகம் அதிகம், இடம் குறைவு. அதை இரண்டாகப் பங்கு போட்டால் இரண்டாவது வருடமே "டிஸ்க் ஃபுல்" என்று வரும்.

என் கருத்து இது: லினக்ஸ் தெரிந்திருப்பது வேலைக்கு உதவும், அதைக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் கொடுக்கிறவர்கள் அதை எப்படிப் பத்திரமாக எடுப்பது என்று இரண்டு பக்கம் தமிழில் அச்சிட்டுச் சேர்த்துக் கொடுத்தால், கடைக்காரரின் ஃபார்மட்டில் காணாமல் போகும் புராஜெக்ட் ஃபைல்கள் மிச்சமாகும்.

முதலில், எதை எடுக்கப் போகிறீர்கள்?

"இதென்ன கேள்வி, லினக்ஸைத்தான்" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் 10, பிராசஸர் இன்டெல் ஏழாம் தலைமுறை அல்லது அதற்கும் முந்தையது என்றால், மிகச் சில மாடல்கள் தவிர விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறாது. டிபிஎம் 2.0, எட்டாம் தலைமுறை பிராசஸர் என்று மைக்ரோசாஃப்ட் கோடு போட்டுவிட்டது. அப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் லினக்ஸை எடுத்துவிட்டு, பாதுகாப்பு அப்டேட் முடியப்போகும் விண்டோஸ் 10-ஐ வைத்துக்கொண்டு, அதிலேயே நெட் பேங்கிங்கும் வருமான வரித் தாக்கலும் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே வேண்டாதது விண்டோஸாக இருக்கலாம்.

கம்ப்யூட்டர் புதியது, விண்டோஸ் 11 ஓடுகிறது, லினக்ஸ் கமாண்டுகள் எப்போதாவது தேவைப்படும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2016-லிருந்து இருக்கிறது, 2025 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் அதன் மூல நிரலையே திறந்துவிட்டது. கோடிங் கற்றுக்கொள்ள, சர்வரில் லாகின் செய்ய, பைதான் ஓட்ட இது போதும். தனிப் பார்ட்டிஷன் வேண்டியதில்லை.

இடப் பிரச்சினை இல்லை, பட்டியல் தோன்றுவதுதான் எரிச்சல் என்றால், எதையும் அழிக்கவே வேண்டாம். பயாஸுக்குள் போய் பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை முதலில் வையுங்கள். அவ்வளவுதான், பட்டியல் போய்விடும்.

கறுப்புத் திரை எங்கிருந்து வருகிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அந்தப் பட்டியலைக் காட்டுவது கிரப் என்ற சிறிய நிரல். அது லினக்ஸோடு வந்தது. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் கிரப் எழுந்திருக்கிறது, பிறகு நீங்கள் சொல்லும் இயங்குதளத்தை எழுப்புகிறது. வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. ஆனால் அந்தக் காவலாளியின் டைரி லினக்ஸ் பகுதிக்குள் இருக்கிறது. நீங்கள் லினக்ஸ் பகுதியை மட்டும் அழித்தால், காவலாளி வாசலில் நிற்பார், டைரி இருக்காது. யாரை எழுப்புவது என்று தெரியாமல் "கிரப்" என்ற சொல்லும் ஒரு அம்புக்குறியும் உள்ள வெற்றுத் திரையைக் காட்டிவிட்டுச் சும்மா இருப்பார். "விண்டோஸ் போச்சு" என்று பதறிப்போய் ஆட்கள் கடைக்கு ஓடுவது இந்த நிலையில்தான். விண்டோஸ் எங்கேயும் போகவில்லை, உள்ளே பத்திரமாக இருக்கிறது.

காவலாளி எங்கே நிற்கிறார் என்பது கம்ப்யூட்டரின் வயதைப் பொறுத்தது. 2011-12 காலத்துக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் பழைய பயாஸ் முறை. ஹார்ட் டிஸ்கின் முதல் செக்டாரில், எம்பிஆர் என்ற குட்டி இடத்தில், கிரப் தன் தலையை வைத்திருக்கும், உடம்பு லினக்ஸ் பகுதியில் இருக்கும். அதற்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ கம்ப்யூட்டர்களில் 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' என்று சில நூறு எம்பி-யில் தனிப் பகுதி ஒன்று உண்டு. அதில் விண்டோஸின் பூட் லோடர் ஒரு ஃபோல்டரிலும், கிரப் இன்னொரு ஃபோல்டரிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். யார் முதலில் என்பதை மதர்போர்டில் உள்ள பட்டியல் தீர்மானிக்கும்.

உங்களுடையது எந்த முறை? விண்டோஸ் தேடல் பெட்டியில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தட்டித் திறங்கள். 'பயாஸ் மோட்' என்ற வரியில் யுஇஎஃப்ஐ அல்லது லெகஸி என்று இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள்.

அழிப்பதற்கு முன்

லினக்ஸைக் கடைசியாக ஒரு தடவை திறங்கள். விண்டோஸுக்கு லினக்ஸ் பகுதியைச் சாதாரணமாகப் படிக்கத் தெரியாது, அதனால் எடுக்க வேண்டியதை லினக்ஸிலிருந்தே எடுக்க வேண்டும். ஹோம் ஃபோல்டர் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்குக்கு காப்பி செய்யுங்கள், மறைந்திருக்கும் ஃபோல்டர்களையும் சேர்த்து. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், சர்வர் லாகின் சாவிகள், கிட்-டில் புஷ் பண்ணாமல் விட்ட கோடு எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். விண்டோஸ் பக்கத்து முக்கியமான ஃபைல்களுக்கும் ஒரு காப்பி எடுங்கள். பேக்கப் இல்லாமல் பார்ட்டிஷனில் கை வைக்காதீர்கள். இதில் விதிவிலக்கு கிடையாது.

அடுத்தது பிட்லாக்கர். இப்போது அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்தால், ஹோம் பதிப்பிலும்கூட டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. அன்றாடம் உங்களுக்கு அது தெரியாது. பூட் வரிசையை மாற்றினால், செக்யூர் பூட்டை அணைத்தால், "ஏதோ மாறியிருக்கிறது" என்று விண்டோஸ் சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். நாம் செய்யப் போவது பூட் வரிசையை மாற்றும் வேலைதானே. அதனால் மொபைலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைசஸ் பகுதியில் இந்தக் கம்ப்யூட்டரின் பிட்லாக்கர் சாவி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் காகிதத்தில் எழுதுங்கள். அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தால் பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்த கதைதான்.

சாவி உங்கள் கணக்கில் இல்லையா? விண்டோஸ் போட்டுக்கொடுத்த கடைக்காரர் தன் மெயில் ஐடியில் செட்டப் செய்திருக்கலாம். அப்படியென்றால் சாவி அவர் கணக்கில் இருக்கும். ஊரில் வாங்கிய கம்ப்யூட்டருக்கு புனேயில் இருந்துகொண்டு அவரைத் தேடுவது கஷ்டம். விண்டோஸ் இப்போது திறக்கும்போதே செட்டிங்ஸில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்பதை அணைத்து, பூட்டை முழுவதும் அவிழ்க்க விடுங்கள். சில மணி நேரம் ஆகலாம். சார்ஜரில் போட்டுவிடுங்கள். வேலை முடிந்த பிறகு உங்கள் கணக்கில் மறுபடி பூட்டிக்கொள்ளலாம்.

கடைசியாக, 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு பென் டிரைவில் மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் விண்டோஸ் இன்ஸ்டாலரைத் தயார் செய்யுங்கள். பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் தேவைப்படும் நேரத்தில், திறக்காத கம்ப்யூட்டரில் அதைத் தயாரிக்க முடியாது.

அழிக்கும் வரிசை

யுஇஎஃப்ஐ கம்ப்யூட்டர் என்றால், முதலில் பயாஸ். ஆன் செய்யும்போது எஃப்2, எஃப்10, டிலீட் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பட்டன். பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவந்து சேவ் செய்யுங்கள். கம்ப்யூட்டரை இரண்டு தடவை முழுதாக அணைத்து ஆன் செய்யுங்கள். கிரப் பட்டியல் வராமல் விண்டோஸ் நேராகத் திறக்கிறதா? திறந்தால், லினக்ஸின் உதவி இல்லாமல் விண்டோஸ் தன் காலில் நிற்கிறது என்று அர்த்தம். இதுவரை நீங்கள் எதையும் அழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்தச் சோதனையை விட்டுவிட்டு நேரே அழிக்கப் போவதுதான் பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம்.

பிறகு ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'. கீழே கட்டம் கட்டமாகத் தெரியும். சி டிரைவ் எது என்று தெரியும். லினக்ஸ் பகுதிக்கு டிரைவ் எழுத்து இருக்காது, ஃபைல் சிஸ்டம் பெயரும் இருக்காது, வெறும் 'பிரைமரி பார்ட்டிஷன்' என்றிருக்கும். அடையாளம் காண அளவுதான் சிறந்த வழி. லினக்ஸில் இருந்தபோதே அதன் அளவைக் குறித்து வைத்திருந்தால் குழப்பமே வராது. 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று எதற்காவது கேட்டால், வேண்டாம் என்று மூடிவிடுங்கள்.

லினக்ஸ் பகுதியில் ரைட் கிளிக், 'டிலீட் வால்யூம்'. லினக்ஸின் ஸ்வாப் பகுதி தனியாக இருந்தால் அதையும். பழைய எம்பிஆர் டிஸ்கில் லினக்ஸ் 'எக்ஸ்டெண்டட்' பகுதிக்குள் இருந்தால், அழித்த பிறகும் பச்சைக் கோட்டோடு 'ஃப்ரீ ஸ்பேஸ்' என்று நிற்கும். அதை இன்னொரு தடவை டிலீட் செய்தால்தான் கறுப்புக் கோட்டுக்கு மாறும்.

தொடக்கூடாதவை இரண்டு. 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' ஒன்று, 'ரெகவரி பார்ட்டிஷன்' இன்னொன்று. முதலாவதை டிஸ்க் மேனேஜ்மென்ட்டே அழிக்க விடாது. ஆனால் சில யூடியூப் வீடியோக்களில் டிஸ்க்பார்ட் என்ற கமாண்ட் கருவியில் 'ஓவர்ரைட்' போட்டு அழிக்கச் சொல்கிறார்கள். அது தடையை மீறி அழித்துவிடும், கூடவே விண்டோஸின் பூட் லோடரும் போய்விடும். அந்த வீடியோவை மூடிவிடுங்கள்.

டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்டி ஒன்று, பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று என இரண்டு இருந்தால் ஒரு தனி எச்சரிக்கை. "லினக்ஸ் இருப்பது ஹார்ட் டிஸ்கில், அதைக் கழற்றிவிட்டால் முடிந்தது" என்று தோன்றும். விண்டோஸ் போடும்போது இரண்டு டிஸ்கும் சொருகப்பட்டிருந்தால், விண்டோஸ் எஸ்எஸ்டியிலும் அதன் இஎஃப்ஐ பகுதி ஹார்ட் டிஸ்கிலும் உட்கார்ந்திருக்க வாய்ப்பு உண்டு. கழற்றினால் விண்டோஸும் திறக்காது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இஎஃப்ஐ பகுதி எந்த டிஸ்கின் வரிசையில் தெரிகிறது என்று பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்.

காலியான இடத்தைச் சேர்ப்பது

காலி இடம் சி டிரைவுக்கு வலது பக்கத்தில் ஒட்டியபடி இருந்தால், சி-யில் ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்டெண்ட் வால்யூம்'. சி-யைச் சுருக்கித்தான் லினக்ஸ் போட்டிருப்பீர்கள் என்பதால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நடுவில் ரெகவரி பகுதி வந்திருந்தாலோ காலி இடம் இடது பக்கம் இருந்தாலோ அந்த ஆப்ஷன் மங்கலாகவே இருக்கும். அந்த நிலையில் பார்ட்டிஷன்களை நகர்த்தும் சாஃப்ட்வேர்களைத் தேடி அலைவதைவிட, காலி இடத்தில் 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுத்து டி டிரைவாக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். புகைப்படங்களுக்குத் தனி இடம் என்றாகிவிடும்.

மதர்போர்டின் பூட் பட்டியலில் 'உபுண்டு' என்ற பெயர் இன்னும் தெரியலாம். இஎஃப்ஐ பகுதிக்குள் அதன் ஃபோல்டரும் சில எம்பி-யில் இருக்கும். அதையும் நீக்க வழி உண்டு, ஆனால் விட்டுவிட்டாலும் ஒரு கெடுதலும் இல்லை. கமாண்ட் பிராம்ப்ட் பழக்கம் இல்லாதவர்கள் விட்டுவிடுவதே நல்லது. பயாஸிலேயே அந்தப் பெயரை அணைக்க வசதி இருந்தால் அது போதும்.

லெகஸி கம்ப்யூட்டரா? வரிசை கொஞ்சம் மாறும். விண்டோஸ் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, ரிப்பேர், கமாண்ட் பிராம்ப்ட் என்று போய், பூட்ரெக் கருவியின் 'ஃபிக்ஸ் எம்பிஆர்' கட்டளையைக் கொடுக்க வேண்டும். முதல் செக்டாரில் உள்ள கிரப்பின் தலையை எடுத்துவிட்டு விண்டோஸின் தலையை வைக்கும் வேலை அது. விண்டோஸ் நேராகத் திறந்த பிறகுதான் லினக்ஸ் பகுதியை அழிக்க வேண்டும்.

ஒரு சின்ன விஷயம், இந்தியாவில் உள்ளவர்களுக்கு உடனே கண்ணில் படும். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வரும்போதெல்லாம் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டியது. லினக்ஸ் போன பிறகு ஒரு தடவை செட்டிங்ஸில் 'சிங்க் நவ்' கொடுத்தால் சரியாகிவிடும், மறுபடி வராது.

ஏற்கெனவே அழித்துவிட்டேனே?

யுஇஎஃப்ஐ கம்ப்யூட்டரில் கிரப் வெற்றுத் திரை வந்தால், 'எக்சிட்' என்று தட்டி என்டர் கொடுத்துப் பாருங்கள். பட்டியலில் அடுத்து இருக்கும் விண்டோஸுக்கு அது பெரும்பாலும் வழிவிடும். இல்லாவிட்டால் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வையுங்கள். லெகஸி என்றால் மேலே சொன்ன ஃபிக்ஸ் எம்பிஆர் போதும்.

தவறான பார்ட்டிஷனையே அழித்துவிட்டீர்களா? உடனே நிறுத்துங்கள். புதிதாக எதையும் அதில் எழுதாதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள், அந்த இடத்தை சி-யோடு சேர்க்காதீர்கள். டிலீட் வால்யூம் என்பது பகுதியின் எல்லைக் குறிப்பைத்தான் நீக்குகிறது, ஹார்ட் டிஸ்கில் உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவசக் கருவிகள் அந்த எல்லையைக் கண்டுபிடித்துத் திரும்பக் கொடுக்கின்றன. எஸ்எஸ்டியில் இந்த வாய்ப்பு குறைவு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கம்ப்யூட்டரை விற்கப் போகிறீர்கள் என்றால், லினக்ஸ் பகுதியை டிலீட் செய்ததும் ஆதார் காப்பியும் சம்பளச் சீட்டும் அழிந்துவிட்டன என்று நினைக்காதீர்கள். வாங்குகிறவர் அதே டெஸ்ட்டிஸ்கை ஓட்டலாம். காலியான பகுதியை முதலில் சி-யோடு சேர்த்துவிட்டு, விண்டோஸின் 'ரீசெட் திஸ் பிசி'-யில் எல்லாவற்றையும் நீக்கும் வழியையும், டிரைவைச் சுத்தம் செய்யும் 'கிளீன் டேட்டா' வசதியையும் தேர்ந்தெடுங்கள். சேர்க்காமல் டி டிரைவாக வைத்திருந்தால், எல்லா டிரைவ்களையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

விண்டோஸை எடுப்பவர்களுக்கு

இது ஒப்பீட்டளவில் எளிது, ஏனென்றால் வாசலில் நிற்கும் கிரப் உங்கள் ஆள். விண்டோஸில் இருக்கும்போதே மதர்போர்டு ஃபர்ம்வேர் அப்டேட்டை முடித்துவிடுங்கள். பல கம்பெனிகள் அதை விண்டோஸ் வழியாகத்தான் கொடுக்கின்றன. பிறகு லினக்ஸ் லைவ் பென் டிரைவில் ஜிபார்ட்டட் திறந்து விண்டோஸ் பகுதியை அழித்து, இடத்தை லினக்ஸோடு சேர்க்கலாம். இடது பக்கத்து இடத்தைச் சேர்க்கும்போது லினக்ஸ் பகுதியையே நகர்த்த வேண்டியிருக்கும், நேரம் எடுக்கும், நடுவில் கரண்ட் போனால் ஆபத்து. யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் முயற்சிக்க வேண்டாம். கடைசியில் லினக்ஸைத் திறந்து கிரப்பை அப்டேட் செய்தால் விண்டோஸ் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். விண்டோஸ் லைசென்ஸ் வீணாகாது. கம்பெனியே போட்டுக்கொடுத்த லைசென்ஸ் மதர்போர்டோடு இணைந்தது, பின்னால் மறுபடி போட்டால் தானே ஆக்டிவேட் ஆகும்.

இவ்வளவையும் படித்துவிட்டு "நமக்கு இது ஒத்துவராது" என்று தோன்றினால், புனேயில் புத்வார் பேட்டின் தப்கீர் கல்லி இருக்கிறது, சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. கொடுங்கள், தவறில்லை. ஆனால் "லினக்ஸை மட்டும் எடுக்கணும், ஃபார்மட் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முழு ஃபார்மட்தான் கடைக்காரருக்கு வேகமான வழி. பேக்கப்பை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். பிட்லாக்கர் சாவி எழுதிய காகிதத்தைக் கம்ப்யூட்டர் பையில் வைக்காமல் உங்கள் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.